கையெழுத்துக்கு முன்பு

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் மாலை 5 மணிக்குக் கூட்டம் சேரும். உள்ளே படுத்திருப்பவரைப் பார்க்க ஆளுக்குச் சில நிமிடங்கள். அதன்பின் ஓரத்துச் சிற்றறைக்குள் மருத்துவர் கூப்பிடுவார். ‘கவுன்சிலிங்’ என்று அதற்குப் பெயர். மூத்த மகன், அவர் மனைவி, இரவு பஸ் பிடித்து வந்து சேர்ந்த இளைய மகன். வெளிநாட்டிலிருக்கும் மகள் கைப்பேசித் திரையில். “நுரையீரல் இன்னும் சரியாகல. இப்ப கிட்னியும் வேலை செய்யல. டயாலிசிஸ் ஆரம்பிக்கலாம். ஆனா உறுதியா எதுவும் சொல்ல முடியாது. நீங்க பேசி முடிவு சொல்லுங்க” என்கிறார் மருத்துவர். இளைய மகன் கேட்கிறார்: “உங்க அப்பாவா இருந்தா நீங்க என்ன சார் பண்ணுவீங்க?” மருத்துவர் பதில் சொல்லவில்லை. மேசையில் கிடக்கும் படிவத்தை மெல்ல முன்னால் நகர்த்துகிறார்.

இது ஏதோ ஒரு மருத்துவமனையில் என்றோ ஒருநாள் நடந்த கதை அல்ல. ஊரும் படிவத்தின் நிறமும் மாறலாம், உரையாடல் மாறுவதில்லை. இளைய மகன் கேட்டது மருத்துவத் தகவல் இல்லை. கிரியாட்டினின் எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு என்பதெல்லாம் அவருக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது. எது சரி என்று கேட்கிறார். நாளைக்கு ஊரில் நாலு பேர் கேட்கும்போதும், பத்து வருடம் கழித்துத் தூக்கம் வராத இரவில் தன்னையே கேட்டுக்கொள்ளும்போதும் தாங்கக்கூடிய ஒரு பதிலைத் தேடுகிறார். அதைச் சேர்ந்து தேடித் தருவதற்கென்று அந்தக் கட்டடத்தில் யாராவது இருக்கிறார்களா?

குழுக்களுக்குக் குறைவில்லை

இந்திய மருத்துவத்தில் நெறி பார்க்கும் குழுக்கள் இல்லாமல் இல்லை. பெரிய மருத்துவமனைகளில் ‘எதிக்ஸ் கமிட்டி’ என்று பலகை மாட்டிய அறையே இருக்கும். அது ஆராய்ச்சிக்கான குழு. புதிய மருந்தை மனிதர்களிடம் சோதிக்க அதன் அனுமதி கட்டாயம். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. உறவினர் அல்லாத ஒருவர் சிறுநீரகம் கொடுக்க முன்வந்தால், 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி அங்கீகாரக் குழு விசாரிக்கும். கருவில் கடுமையான குறைபாடு இருப்பது 24 வாரத்துக்குப் பிறகு தெரிந்து கருக்கலைப்புக் கோரினால், 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மருத்துவ வாரியம் பார்க்கும். மனநல சிகிச்சையில் நோயாளி முன்கூட்டியே எழுதிவைத்த விருப்பம் தொடர்பான சிக்கல்களுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மறுஆய்வு வாரியம் உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் இயல்பு இருக்கிறது. காகிதம் உள்ளே போகும். ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ வெளியே வரும். மருந்துச் சோதனையில் சேர்ந்த நோயாளியைப் பாதுகாக்க ஒரு குழு கூடுகிறது. அதே வார்டில், அடுத்த கட்டிலில், 80 வயது மூதாட்டிக்குக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்கலாமா என்று தவிக்கும் பேரனோடு உட்கார்ந்து யோசிக்கச் சட்டப்படி யாரும் நியமிக்கப்படவில்லை.

ஏழு பேரும் ஓர் இயந்திரமும்

படுக்கையோரச் சிக்கலுக்குக் குழு அமைத்துத் தீர்வு காணலாம் என்ற யோசனை பிரபலமான இடம் அமெரிக்காவின் சியாட்டில் நகரம். அதன் தொடக்கம் அவ்வளவு கௌரவமானதல்ல.

1960ஆம் ஆண்டு மார்ச் மாதம் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பெல்டிங் ஸ்க்ரிப்னர், நோயாளியின் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து நிரந்தரமாக வைத்திருக்கக்கூடிய ஒரு டெஃப்லான் குழாயைப் பொருத்தினார். அதுவரை ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் புதிதாக ரத்தக் குழாயை அறுக்க வேண்டும். சில முறைக்கு மேல் அறுக்க இடம் இருக்காது. ஸ்க்ரிப்னரின் குழாய் வந்ததும் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர் ஆண்டுக்கணக்கில் வாழ முடிந்தது. முதல் நோயாளியான கிளைடு ஷீல்ட்ஸ் அதன்பின் 11 ஆண்டுகள் இருந்தார்.

கருவிகளோ சில, காத்திருந்தவர்களோ பலர். 1962இல் சியாட்டில் செயற்கைச் சிறுநீரக மையம் திறந்தபோது, யாருக்குச் சிகிச்சை என்று முடிவெடுக்க 7 பேர் கொண்ட ஒரு குழு அமைந்தது. ஒரு வழக்கறிஞர், ஒரு பாதிரியார், ஒரு வங்கியாளர், ஓர் இல்லத்தரசி, ஓர் அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஓர் அறுவைச் சிகிச்சை நிபுணர். யாருக்கும் சம்பளம் கிடையாது. பெயரும் வெளியே வராது. மருத்துவர்கள் முதலில் உடல்நிலை பார்த்துச் சலித்துக் கொடுத்த பட்டியலிலிருந்து இவர்கள் பொறுக்க வேண்டும். எதை வைத்துப் பொறுக்குவது? வயது, திருமணம், பிள்ளைகளின் எண்ணிக்கை, வருமானம், படிப்பு, தேவாலயத்துக்குப் போகும் பழக்கம், எதிர்காலத்தில் என்ன சாதிப்பார் என்ற கணிப்பு. அந்த ஆண்டு நவம்பரில் ‘லைஃப்’ இதழில் ஷானா அலெக்சாண்டர் இதை விரிவாக எழுதியதும் நாடு திடுக்கிட்டது. ‘கடவுள் குழு’ என்ற பட்டப்பெயர் நிலைத்தது.

அந்த ஏழு பேரும் கொடியவர்கள் அல்லர். வந்த விண்ணப்பங்களைக் கண்ணில் நீர் வரப் படித்தவர்களாகவே இருந்திருக்கக்கூடும். ஆனாலும் அவர்கள் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்களையே ஒத்திருந்தார்கள்: குடும்பஸ்தர், சம்பாதிப்பவர், ஊர்ப் பொதுக்காரியங்களில் முன்நிற்பவர். தனியாள், ஒத்துப்போகாதவர், விளிம்பில் இருப்பவர் ஆகியோருக்கு அங்கே இடம் குறைவு என்று பின்னர் வந்த சட்ட அறிஞர்கள் சுட்டிக்காட்டினார்கள். 1972இல் அமெரிக்க நாடாளுமன்றம், ஏறக்குறைய எல்லாருக்கும் டயாலிசிஸ் செலவை அரசே ஏற்கச் சட்டம் இயற்றியதும் இப்படிப் பொறுக்கியெடுக்க வேண்டிய தேவை போயிற்று. நோயாளியைப் பார்க்காமல், அவருடைய குரலைக் கேட்காமல், கோப்பை மட்டும் வைத்து விதி எழுதும் குழு எங்கே போய் முடியும் என்பதற்கு அந்த அனுபவம் இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது.

பெயர் ஒன்று, வேலை வேறு

இரண்டாம் திருப்பம் நீதிமன்றத்தில். 1975 ஏப்ரலில் நியூஜெர்சியைச் சேர்ந்த 21 வயதுப் பெண் கேரன் ஆன் குவின்லன் நினைவிழந்தார். மாதங்கள் கடந்தும் விழிப்பு வரவில்லை. வென்டிலேட்டரை எடுத்துவிடுமாறு, பக்தி மிக்க கத்தோலிக்கரான அவருடைய பெற்றோர் கேட்டார்கள். மருத்துவர்கள் மறுத்தார்கள், கொலை வழக்கு வருமோ என்ற பயமும் சூழ்ந்திருந்தது. 1976 மார்ச் 31 அன்று நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் தந்தையின் பக்கம் தீர்ப்பளித்தது. நினைவு திரும்ப நியாயமான வாய்ப்பில்லை என்பதை மருத்துவமனையின் ஒரு ‘நெறிக்குழு’ ஒப்புக்கொண்டால், கருவியை நீக்குவோர் மீது குற்றமில்லை என்றது. கேரன் டீல் என்ற குழந்தை மருத்துவர் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து எடுத்த யோசனை அது. வென்டிலேட்டர் நீங்கிய பிறகும் கேரன் குவின்லன் தானாக மூச்சுவிட்டு 1985 ஜூன் வரை உயிரோடிருந்தார் என்பது அந்த வழக்கின் விசித்திரமான பின்கதை.

தீர்ப்பை நெருங்கிப் படித்தால் ஒரு முரண் தென்படும். நீதிமன்றம் குழுவுக்கு வைத்த பெயர் நெறிக்குழு. கொடுத்த வேலையோ நோயின் போக்கைக் கணிப்பது. மீள்வாரா, மாட்டாரா என்று சொல்வது மருத்துவக் கேள்வி. மீளமாட்டார் என்று தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் நெறிக் கேள்வி. அதைத் தீர்ப்பு அந்தப் பெண்ணின் தந்தையிடம் விட்டது. கேரனே ஒரு கணம் தெளிந்து தன் நிலையை உணர்ந்தால் எதை விரும்பியிருப்பார் என்று யோசித்து முடிவெடுக்கச் சொன்னது. ‘உங்களுக்கு என்ன வேண்டும்’ என்பதிலிருந்து ‘அவர் எதை விரும்பியிருப்பார்’ என்பதற்குக் கேள்வி இடம்பெயர்ந்தது அங்கேதான்.

அடுத்த கால் நூற்றாண்டில் அமெரிக்க மருத்துவமனைகளில் இந்தக் குழுக்கள் மெல்ல உருமாறின. 1992 முதல், மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அமைப்பு, நெறிச் சிக்கல்களைக் கையாள ஒரு வழிமுறை இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. தீர்ப்புச் சொல்லும் வேலையிலிருந்து ஆலோசனைக்குக் குழுக்கள் நகர்ந்தன. குடும்பம், செவிலியர், மருத்துவர் என யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். நெறி ஆலோசகர் வார்டுக்கே வருவார். ஆல்பர்ட் ஜான்சன், மார்க் சீக்லர், வில்லியம் வின்ஸ்லேட் மூவரும் 1982இல் வெளியிட்ட நூலில் வகுத்த நான்கு கட்டங்கள் அவர்களுக்குக் கைவிளக்கு. முதல் கட்டம்: மருத்துவத்தால் என்ன முடியும், எதற்காக? இரண்டாவது: நோயாளியின் விருப்பம் என்ன? மூன்றாவது: சிகிச்சைக்குப் பின் கிடைக்கப்போகும் வாழ்வு எப்படிப்பட்டது? நான்காவது: குடும்பம், பணம், மதம், சட்டம் ஆகிய சூழல் என்ன சொல்கிறது? நான்கையும் நிரப்பிய பிறகு ஆலோசகர் சொல்லும் கருத்து யாரையும் கட்டுப்படுத்தாது. பெரும்பாலான சமயங்களில் கட்டத்தை நிரப்பும்போதே சண்டை பாதி அடங்கிவிடும். ஏனென்றால் அண்ணன் முதல் கட்டத்தைப் பற்றியும் தம்பி நான்காம் கட்டத்தைப் பற்றியும் அதுவரை பேசிக்கொண்டிருந்திருப்பார்கள்.

இதனால் பயன் உண்டா என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2003இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் லாரன்ஸ் ஷ்னைடர்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் 7 மருத்துவமனைகள், 551 நோயாளிகள். நெறி ஆலோசனை கிடைத்த பிரிவிலும் கிடைக்காத பிரிவிலும் இறப்பு விகிதத்தில் வேறுபாடு இல்லை. ஆலோசகர்கள் வந்து உயிரைப் பறித்துவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு அது விடை. ஆனால் எப்படியும் பிழைக்க முடியாமல் போனவர்கள், ஆலோசனை கிடைத்த பிரிவில், மருத்துவமனையில் ஏறக்குறைய 3 நாட்கள் குறைவாகக் கழித்தார்கள்; வென்டிலேட்டரிலும் குறைந்த நாட்களே இருந்தார்கள். பங்கேற்ற மருத்துவர், செவிலியர், குடும்பத்தாரில் 87 சதவீதம் பேர் அது உதவியதாகச் சொன்னார்கள்.

2007இல் பிரான்சிலிருந்து வந்த ஆய்வு இன்னும் நுட்பமானது. 22 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், இறக்கும் தறுவாயில் இருந்த 126 பேரின் குடும்பங்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சந்திப்பு. இன்னொன்றுக்குத் திட்டமிட்ட சந்திப்பும், துக்கம் பற்றிய ஒரு சிற்றேடும். முன்னதில் சந்திப்பு சுமார் 20 நிமிடம் நீடித்தது, அதில் குடும்பத்தார் பேசியது 5 நிமிடம். பின்னதில் சந்திப்பு 30 நிமிடம், குடும்பத்தார் பேசியது 14 நிமிடம். 90 நாள் கழித்துத் தொலைபேசியில் விசாரித்தபோது, மனக்காய அறிகுறிகள் முதல் பிரிவில் 69 சதவீதம் பேரிடமும் இரண்டாவதில் 45 சதவீதம் பேரிடமும் இருந்தன. கூடுதலாகச் செலவானது 10 நிமிடம். அந்த 10 நிமிடத்தில் மருத்துவர் புதிதாக எதையும் விளக்கிவிடவில்லை. பெரும்பகுதி குடும்பத்தார் பேசியது, அவர் கேட்டது.

மும்பையிலிருந்து தில்லிக்கு

இந்தியாவில் இந்தக் கதை ஒரு செவிலியரின் கட்டிலைச் சுற்றி நடந்தது. மும்பை கேஇஎம் மருத்துவமனையில் பணியாற்றிய அருணா ஷான்பாக் 1973 நவம்பர் 27 அன்று அங்கேயே ஓர் ஊழியரால் கொடூரமாகத் தாக்கப்பட்டார். மூளைக்கு ஆக்சிஜன் நின்றதால் நினைவு திரும்பவே இல்லை. அதே மருத்துவமனையில், தலைமுறை தலைமுறையாக மாறிய செவிலியர்கள் அவரைக் கவனித்துக்கொண்டார்கள். பத்திரிகையாளர் பிங்கி விரானி அவருக்கு உணவு செலுத்துவதை நிறுத்தக் கோரி உச்ச நீதிமன்றம் போனார். நீதிமன்றம் மூன்று மருத்துவர்களை அனுப்பிப் பார்க்கச் சொன்னது. 2011 மார்ச் 7 அன்று நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, கியான் சுதா மிஸ்ரா அளித்த தீர்ப்பில், உயிர்காப்புச் சிகிச்சையை விலக்கிக்கொள்வது குறிப்பிட்ட சூழலில் உயர் நீதிமன்ற அனுமதியோடு கூடும் என்றார்கள். ஆனால் அருணாவுக்காகப் பேசும் உரிமை, அவரைப் பற்றி நூல் எழுதிய விரானிக்கு இல்லை, இத்தனை ஆண்டு பராமரித்த மருத்துவமனை ஊழியர்களுக்கே என்றார்கள். செவிலியர்கள் அவரைப் பராமரிக்கவே விரும்பினார்கள். அருணா 2015 மே 18 அன்று நிமோனியாவால் இறந்தார்.

நோயாளியின் சார்பில் பேச யாருக்குத் தகுதி என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பு சொன்ன பதில் கவனிக்கத்தக்கது. ரத்த உறவு, எழுத்துறவு இரண்டையும் தாண்டி, அன்றாடம் உடம்பைத் துடைத்துவிட்ட கைகளுக்கு அது முன்னுரிமை தந்தது.

2018 மார்ச் 9 அன்று, காமன் காஸ் என்ற அமைப்பின் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. ‘லிவிங் வில்’ எனப்படும் முன்விருப்ப ஆவணத்துக்கும் ஒப்புதல் தந்தது. ஆனால் அதற்கு வகுத்த நடைமுறை கரடுமுரடானது. ஆவணத்தில் முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் கையொப்பம் வேண்டும். மருத்துவமனை வாரியம், பிறகு மாவட்ட ஆட்சியர் அமைக்கும் வாரியம், பிறகு நடுவரே நேரில் வந்து பார்ப்பது. இதற்குள் நோயாளி போய்ச் சேர்ந்துவிடுவார். தீவிர சிகிச்சை மருத்துவர்களின் தேசியச் சங்கம் திருத்தம் கேட்டு நீதிமன்றம் போனது. 2023 ஜனவரியில் நடைமுறை எளிதானது. இப்போது இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். முதல் வாரியத்தில் சிகிச்சை தரும் மருத்துவரும் குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள இரு நிபுணர்களும். இரண்டாம் வாரியத்தில் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒருவரும் வேறு இரு நிபுணர்களும். ஒவ்வொன்றும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். நடுவருக்குத் தகவல் தெரிவித்தால் போதும்.

2025 ஜனவரியில் கர்நாடக சுகாதாரத் துறை இதை நடைமுறைப்படுத்தச் சுற்றறிக்கை அனுப்பியது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் நியூஜெர்சி முரண் இங்கும் திரும்ப வந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு வாரியங்களிலும் இருக்கும் அத்தனை பேரும் மருத்துவர்கள். நோய் மீளுமா என்பதை அவர்கள் சான்றளிப்பார்கள். குடும்பத்தின் சம்மதம் தனி வரியாகப் படிவத்தில் நிற்கும். அந்தச் சம்மதம் எப்படி உருவாக வேண்டும், யாரோடு பேசி, எத்தனை முறை பேசி என்பதற்கு நடைமுறையில் இடம் சிறிது. மத்திய சுகாதார அமைச்சகம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட வரைவு வழிகாட்டியில், மருத்துவமனைகளில் ‘கிளினிக்கல் எதிக்ஸ் கமிட்டி’ பற்றிய பேச்சு வந்தது. தணிக்கை, கண்காணிப்பு, கருத்து மோதல் தீர்த்தல் ஆகியவை அதன் பணி.

வீட்டுக்குப் போகும் வழி

வாரியம் கூடாத இடங்களில் குடும்பங்கள் தாமாக ஒரு வழி கண்டுபிடித்து வெகுகாலம் ஆகிறது. ‘டாக்டர் கையை விரிச்சிட்டார், வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடலாம்’ என்பது அதன் பேச்சு வடிவம். ‘மருத்துவ ஆலோசனைக்கு எதிராக வெளியேறினார்’ என்பது மருத்துவமனைப் பதிவேட்டில் அதன் எழுத்து வடிவம். ஆம்புலன்ஸில் ஒருவர் சுவாசப் பையை அழுத்தி அழுத்தி மூச்சுக் கொடுத்துக்கொண்டே வருவார். வீட்டுத் திண்ணைக்கு வந்ததும் குழாயை எடுப்பார்கள். மருத்துவமனையின் பதிவில் மரணம் இல்லை. மருத்துவருக்கு வழக்குப் பயம் இல்லை. குடும்பத்துக்கு ‘உசிரு வீட்டுல போச்சு’ என்ற ஆறுதல். போகும் உயிருக்கு என்ன கிடைத்தது? வலிக்கு மருந்து, மூச்சுத் திணறலுக்கு மருந்து, கூட ஒரு செவிலியர் எதுவும் அந்தப் படிவத்தில் எழுதப்படுவதில்லை. அந்தப் படிவமும் ஒரு கையெழுத்தோடு முடிகிறது.

கையெழுத்து யாருடையது என்பதும் இங்கே குழப்பம். அறிவும் நினைவும் தெளிவாக உள்ள வயதுவந்தவருக்குப் பதில் வேறொருவர் சம்மதம் தர முடியாது என்று 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட தில்லிப் பெண் ஒருவரின் கர்ப்பப்பையை, அவர் மயக்கத்தில் இருக்கையில் தாயிடம் மட்டும் கேட்டு அகற்றிய வழக்கு அது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது அந்தச் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். ஆனாலும் நம் வார்டுகளில் முதல் பேச்சு இன்னும் மகனிடமோ கணவரிடமோதான் போகிறது. புற்றுநோய்ப் பிரிவுகளில் அன்றாடம் கேட்கும் வாக்கியம்: “அவருக்குத் தெரிய வேண்டாம் டாக்டர், தாங்க மாட்டார்.” பாசத்தில் வரும் வாக்கியம். நோயாளியோ பக்கத்துக் கட்டில்காரரின் மருந்துச் சீட்டைப் பார்த்தே புரிந்துகொண்டு, பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்று தானும் மறைத்துக்கொண்டிருப்பார். கெட்ட செய்தி சொல்வதற்கு 2000இல் வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மன் முதலானோர் வகுத்த ஆறு படிகளில் ஒன்று இதற்கே உதவுகிறது. செய்தியைச் சொல்வதற்கு முன், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று நோயாளியிடமே கேட்பது. தெரிய வேண்டாம், மகனிடம் பேசுங்கள் என்று அவர் சொன்னால் அதுவும் அவர் முடிவுதான்.

பணம் என்ற விஷயம் மேற்கத்திய நெறிநூல்களில் கடைசி அத்தியாயம். இங்கே அது முதல் நாளே அறைக்குள் வந்து உட்கார்ந்துவிடும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு தருகிறது. அதற்கு வெளியே இருப்பவர்களும், அதைத் தாண்டிச் செலவானவர்களும் நகையை அடகு வைக்கிறார்கள், நிலத்தை விற்கிறார்கள். “இதுக்கு மேல முடியல” என்று சொல்ல வெட்கப்பட்டு, “அப்பா ரொம்பக் கஷ்டப்படுறார், போதும்” என்று சொல்லும் மகனும் உண்டு. அப்பா கஷ்டப்படுவதைப் பார்க்க முடியாமல் போதும் என்று சொல்லிவிட்டு, காசுக்காகச் சொன்னான் என்ற பேச்சுக்கு அஞ்சி மறுநாள் பின்வாங்கும் மகனும் உண்டு. இரண்டையும் வெளிப்படையாகப் பேசவைக்க ஒருவர் வேண்டும். பேத்தியின் கல்லூரிப் பணம் இதில் போகிறது என்று தெரிந்தால் அந்தத் தாத்தா என்ன சொல்வார் என்று கேட்பதில் அநியாயம் எதுவும் இல்லை. கேட்காமலே அவர் பெயரில் செலவழிப்பதில்தான் சிக்கல்.

ஏற்கெனவே பேசத் தெரிந்தவர்கள்

பேசத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் இல்லையா என்றால், இருக்கிறார்கள். ஆனால் ஒரே ஒரு துறையில் கூடியிருக்கிறார்கள். 2008இல் மாநில அரசு மூளைச்சாவு உறுப்பு தானத்துக்கு அடுக்கடுக்கான ஆணைகள் பிறப்பித்து ஒரு திட்டத்தை உருவாக்கியது. சென்னையில் 1997இல் டாக்டர் சுனில் ஷ்ராஃப் தொடங்கிய மோகன் அறக்கட்டளை, குடும்பங்களோடு பேசும் ஒருங்கிணைப்பாளர்களைப் பயிற்றுவித்தது. உலகிலேயே கடினமான உரையாடல்களில் ஒன்று இவர்களுடையது. கட்டிலில் மார்பு ஏறி இறங்குகிறது, உடம்பு சூடாக இருக்கிறது, திரையில் இதயத் துடிப்பு ஓடுகிறது. “துடிக்குதே, எப்படிச் செத்துட்டான்னு சொல்றீங்க?” என்று தாய் கேட்பாள்.

இந்தத் தொழிலின் முதல் பாடம், மரணச் செய்தியையும் தானக் கோரிக்கையையும் ஒரே மூச்சில் சொல்லாதே என்பது. சட்டப்படி நால்வர் கொண்ட மருத்துவக் குழு 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதிக்க வேண்டும். அந்த இடைவெளி குடும்பத்துக்கும் தேவைப்படுகிறது. மரணம் மனத்தில் இறங்கும் வரை ஒருங்கிணைப்பாளர் தண்ணீர் வாங்கிக் கொடுப்பார், யாருக்குப் போன் போட வேண்டும் என்று விசாரிப்பார், பிள்ளை என்ன படித்தான் என்று கேட்பார். பிறகுதான் அடுத்த பேச்சு. மறுத்தால் மறுப்பை மதித்துக் கையெடுத்துக் கும்பிட்டுப் போவார். 2023 செப்டம்பரில் உறுப்பு தானம் செய்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை என்று தமிழ்நாடு அறிவித்தபோது, இந்தக் கண்ணுக்குத் தெரியாத உழைப்பின் மீதும் கொஞ்சம் வெளிச்சம் விழுந்தது.

கேரளத்தில் இதே திறமை வேறு கிளையில் வளர்ந்தது. டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றோரின் முயற்சியால் வலிதணிப்பு ஆதரவுச் சிகிச்சை வீட்டுத் திண்ணை வரை வந்தது. 2008இல் அரசே அதற்கொரு கொள்கை வகுத்தது. அங்கே வீடு தேடி வரும் செவிலியர் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டே, இனி மருத்துவமனைக்குப் போக வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சையும் எடுப்பார். ‘நெறி ஆலோசகர்’ என்ற பட்டம் அவருக்கு இல்லை. அமெரிக்காவில் அந்தப் பட்டத்துக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தரும் முறையே 2018இல்தான் வந்தது.

நெறிக்குழுவைப் பற்றிய சந்தேகங்களும் நியாயமானவை. மருத்துவமனையே நியமித்து மருத்துவமனையே சம்பளம் கொடுக்கும் குழு, மருத்துவமனையின் பில்லைப் பற்றி வாய் திறக்குமா? வக்கீலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடக்கும் பேச்சு, வழக்கைத் தவிர்க்கும் பேச்சாகச் சுருங்காதா? சியாட்டிலின் ஏழு பேரைப்போல இதிலும் ஒரே வகை மனிதர்கள் உட்கார்ந்தால், கூலித் தொழிலாளியின் குடும்பத்துக்கு என்ன புரியும், அந்தக் குடும்பத்தைப் பற்றி இவர்களுக்கு என்ன புரியும்? இவற்றுக்கு விடை குழுவின் பெயரில் கிடைக்காது. வெளியாள் ஒருவராவது அதில் உண்டா, செவிலியருக்கும் சமூகப் பணியாளருக்கும் அதில் குரல் உண்டா, குடும்பமே நேராகக் கூப்பிட முடியுமா, பேச்சு நோயாளியின் கட்டிலருகே நடக்கிறதா என்ற விவரங்களில்தான் கிடைக்கும்.

அதுவரை அந்தச் சிற்றறைக்குள் போகும் குடும்பம் தானாகவே கேட்கக்கூடியவை சில உண்டு. இந்தச் சிகிச்சையின் நோக்கம் குணப்படுத்துவதா, நாளைத் தள்ளுவதா? மூன்று நாள் முயன்று பார்த்து, முன்னேற்றம் இல்லையென்றால் மறுபடி உட்கார்ந்து பேசலாமா? எதைச் செய்தாலும் வலியும் மூச்சுத் திணறலும் இல்லாமல் பார்த்துக்கொள்ள என்ன ஏற்பாடு? ‘முடிவு சொல்லுங்க’ என்று ஒரே நாளில் கேட்பவரிடம் மறுபடி ஒரு சந்திப்பு கேட்பதில் தவறில்லை. சமூகப் பணியாளர் இருக்கிறாரா, வலிதணிப்புப் பிரிவு இருக்கிறதா என்று விசாரிப்பதிலும் இல்லை.

அந்த மாலையில் இளைய மகன் கேட்ட கேள்விக்கு மருத்துவர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. படிவத்தைத் தள்ளிவைத்துவிட்டு, “அப்பா என்ன வேலை பார்த்தார்? எப்படிப்பட்டவர்?” என்று அவர் கேட்டிருந்தால் பேச்சு வேறு இடத்தில் தொடங்கியிருக்கும். மூத்தவர் ரேஷன் கடை வேலையைப் பற்றிச் சொல்வார். மருமகள், கடைசி வருடம் வரை தன் துணியைத் தானே துவைத்ததைச் சொல்வார். அதுவரை பேசாமல் கைப்பேசித் திரையில் இருந்த மகள், நாலு வருடத்துக்கு முன் எதிர்வீட்டுக்காரரை வென்டிலேட்டரில் பார்த்துவிட்டு வந்த இரவில் அப்பா தன்னிடம் மட்டும் சொன்ன ஒன்றை, அண்ணன்களுக்கு முதல்முறையாகச் சொல்லத் தொடங்குவார்.